காது நுனிக்காகக் கல்வராயன் மலைக்கு

லிஸ்பனில் ஓர் ஆட்டைப் பற்றிப் பொய் சொன்னேன். அதன் பலனாகக் கல்வராயன் மலை ஏறினேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். பாலூட்டிகளின் கரு முதல் சில நாட்களில் எப்படி உருவம் எடுக்கிறது என்பதைத்தான் அங்கே பார்க்கிறோம். தாயின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஸ்டெம் செல்களை எடுத்து, கருவைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் கரு அல்லாத சின்னஞ்சிறு உருண்டைகளைத் தட்டில் வளர்க்கிறோம். ஸ்டெம் செல் என்றால், தோலாவதா எலும்பாவதா மூளையாவதா என்று இன்னும் முடிவு செய்யாத செல். எங்கள் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைப் போல.

பெரும்பாலோர் எலியின் செல்லை வைத்து இதைச் செய்கிறார்கள். நான் ஆட்டின் செல்லை வைத்துச் செய்கிறேன். ஏனென்றால் ஆட்டின் கரு ஒரு வினோதம் செய்யும். குண்டூசித் தலை போல உருண்டையாக இருப்பது, சில நாட்களுக்குள் இழுபட்டு நூல் மாதிரி நீண்டுவிடும். எலிக் கரு அப்படிச் செய்யாது. நூலை எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று சொல்வது தாயின் கருப்பையா, அந்தச் செல்களேயா? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியோடு லிஸ்பனில் ஒரு கருத்தரங்குக்குப் போனேன். அந்த நகரமும் மேடும் பள்ளமும்தான். தெருவில் பாதி படிக்கட்டு. அங்கே விருந்துக்கு உப்புக் கருவாட்டைப் பெருமையாகப் பரிமாறினார்கள். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கருவாட்டுச் சட்டியை ஒளித்து வைப்போம்.

நான் பேசி முடித்ததும் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் எழுந்தார். "ஒரு குட்டி சுமக்கும் ஆட்டில் நூல் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம், இடம் இருக்கிறது. நான்கு குட்டி சுமந்தால் நான்கு நூலும் சிக்கிக்கொள்ளாதா? அப்படிப்பட்ட ஆட்டின் செல்லில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எங்கள் ஊர் மலையில் ஒவ்வோர் ஈற்றுக்கும் நான்கு குட்டி போடும் ஆடு ஒன்று இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். அடுத்தது அதன் செல்தான்."

அந்த ஆட்டைப் பற்றி அம்மா எப்போதோ போனில் சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கைதட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கைதட்டல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் வழிகாட்டி மேடமும் கைதட்டினார். பெங்களூர் திரும்பியதும் அதை அப்படியே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிட்டார். "செவ்வாய்க்கிழமை காலைக்குள் அந்த ஆட்டின் காது நுனி, மூன்று மில்லிமீட்டர், உரிமையாளரின் சம்மதப் படிவத்தோடு வர வேண்டும். வராவிட்டால் ஆட்டு வேலையை மூடிவிடலாம். நீ எலிக்கு மாறிக்கொள்" என்றார்.

மூன்று ஆண்டுகளாக ஆட்டோடு வாழ்ந்தவளை எலிக்கு மாறச் சொன்னால் எப்படி? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளையும் இளஞ்சிவப்புத் திரவம் நிரப்பிய குழாய்களையும் அடுக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன்.

ஊர் நைனார்பாளையம். அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். அம்மா களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் லிஸ்பனிலிருந்து வாங்கி வந்த சாக்லேட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "அந்த நாலு குட்டி ஆடா? மலை ஆட்டுக் கதையெல்லாம் கரீம் பாய்க்குத்தான்டி தெரியும். எனக்கு அவரு சொன்னதுதான்" என்றாள். ஆக, என் ஆதாரத்துக்கும் ஓர் ஆதாரம் இருந்தது. அன்று மாலையே இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம்.

கரீம் பாய்க்குக் கறிக்கடை. மலைக்குப் போய் ஆடு பிடித்து வருவதும் அவர்தான். கடை மூடும் நேரம், கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆடா கண்ணு? கரியாலூர்ப் பக்கம் சின்னசாமின்னு ஒருத்தரு, அவரு வூட்டு ஆடு. தங்கமான ஆடு. நாலு நாலா போடும்."

"இப்ப எங்க இருக்கு பாய்?"

பாய் கட்டையைக் கழுவுவதை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். "போன தீவாளிக்கு நான்தான் புடிச்சாந்தேன். வயசாயி பல்லு போயிடுச்சுன்னு குட்த்துட்டாரு. இவங்ககூட ஒரு கிலோ வாங்கினு போனாங்களே."

"அதானா வேவவே இல்ல!" என்றாள் அம்மா. "மூணு விசில் வெச்சும் ரப்பராட்டம் இருந்துச்சு பாய். உங்ககிட்ட கேக்கணும்னே இருந்தேன்."

அந்தத் தீபாவளிக்கு நான் ஊரில்தான் இருந்தேன். இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். "நானே பார்த்திருக்கிறேன்" என்று லிஸ்பனில் சொன்னது முழுப் பொய் இல்லை என்று ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது.

பாய்க்கு என் முகம் பார்த்து மனம் பொறுக்கவில்லை. "அழுவாத கண்ணு. அதோட கெடா ஒண்ணு அவரு வூட்ல இருக்குது. கடேசி ஈத்துல பொறந்தது. ஆனா காளிக்கு நேந்து வுட்டது. நாளன்னிக்கு, ஞாயித்துக்கெழம வெட்டு. போறதுன்னா சீக்கிரம் போ."

மகனிடம் தாயின் மரபணுவில் பாதி இருக்கும். பாதி போதும் என்று மேடமுக்குச் சொல்லிக்கொள்ளலாம். பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். பாய் கடையில் கேட்டு வாங்கி வந்த புது ஐஸை அம்மா பெட்டியில் போட்டாள். அந்த ஐஸ் மீன் கடையிலிருந்து வந்தது என்பது சனிக்கிழமை பேருந்தில்தான் தெரிந்தது.

மலைப் பேருந்தில் நான் தனியாக என் பெட்டியோடு ஏறியதும் நடத்துநர் மூக்கைச் சுருக்கினார். "ஏம்மா, மீன் பொட்டிய கீழ வை."

"மீன் இல்ல சார். செல் வளக்கற திரவம்."

"செல்லு எதுக்குத் தண்ணில போட்டு வெச்சிக்கீற? ரிப்பேரா?"

விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் என் விளக்கமும் பெட்டியும் ஒன்றாகச் சரிந்து ஒரு பாட்டியம்மாவின் மடியில் விழுந்தன. அவர் மூடியைத் திறந்து பார்த்து, இளஞ்சிவப்புக் குழாய்களை எண்ணி, "எறா ஒண்ணுகூட இல்லியே" என்று ஏமாற்றத்தோடு மூடித் தந்தார். லிஸ்பனில் மலை ஏறும் டிராம் வண்டியில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. இங்கே இறங்குவதற்குள் மூன்று பேர் மீன் விலை கேட்டுவிட்டார்கள்.

சின்னசாமியின் வீடு கரியாலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மனைவி பொன்னம்மா. வாசலில் கிடா கட்டியிருந்தது: கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, யாரையும் மதிக்காத பார்வை. அதன் காதுகளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அப்படி ஒரு நீளமான, காயமில்லாத காது.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றார் பொன்னம்மா. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. மறுநாள் விருந்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் படிவத்தை எடுத்தேன். ஆங்கிலப் படிவத்தை நானே தமிழாக்கம் செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை. நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்: "அடியிற்கண்ட கால்நடையின் உரிமையாளராகிய நான், என் தன்னிச்சையான இசைவின் பேரில்..."

சின்னசாமி கையைத் தூக்கி நிறுத்தினார். "லோன் எல்லாம் வேணாம்மா."

படிவத்தை மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன். காது நுனியில் ஒரு சின்னத் துண்டு. அதிலிருக்கும் செல்லை, தான் தோல் என்பதை மறக்கச் செய்வோம். பிறகு உருண்டையாகச் சேர்த்து வளர்ப்போம். ஆட்டின் கரு போல இருக்கும், கரு இல்லை.

"கண்ணு வருமா அதுக்கு?" என்று கேட்டார் பொன்னம்மா.

"வராது. அதுக்கெல்லாம் முன்னாடியே நிறுத்திடுவோம்."

"அம்மாக்காரி யாரு?"

"அம்மா கிடையாது."

"அப்பன்?"

"அப்பாவும் கிடையாது."

"அப்ப அதுக்குன்னு யாரு பேசுவா?"

"ஒரு குழு இருக்கு. எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் அனுமதி குடுப்பாங்க."

"அதுல ஆடு மேய்க்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். சின்னசாமி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "வளத்து இன்னா பண்ணுவீங்க?"

நான் நேர்மையானவளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். "சாகடிச்சு, மெழுகுல வெச்சு, முடியவிட மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்புல பார்ப்போம்."

"அதுக்கு நாங்களே தேவல" என்றார் சின்னசாமி. "நாங்க ஒரே வெட்டு."

அவருடைய சிக்கல் வேறு. மகளுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. நாலாவது முறை நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் கிடா தருகிறேன் என்று காளியிடம் வேண்டியிருந்தார். பிள்ளை பிறந்துவிட்டது, உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. காளிக்குக் கொடுக்கும் கிடாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் என்றாலும் ஊனம் ஊனம்தான்.

கடைசியில் பொன்னம்மாதான் வழி சொன்னார். வெட்டிய பிறகு தலையைத் தீயில் வாட்டுவதற்கு முன் காது நுனியை நான் எடுத்துக்கொள்ளலாம். வெட்டி முடித்த சற்று நேரத்துக்குச் செல்கள் உயிரோடுதான் இருக்கும். எனக்கு அதுவே போதும். சின்னசாமி படிவத்தில் பெயரை எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்து மட்டும் வெட்டு முடிந்த பிறகு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். மரத்தடியில் நட்ட கல், அதற்குச் சிவப்புப் புடவை. பம்பை அடித்தார்கள். பொன்னம்மா பொங்கல் வைத்தார். மசாலா அரைத்துத் தயாராக இருந்தது. கிடாவுக்கு மாலை போட்டு நடுவில் நிறுத்தினார்கள். என் கையில் இடுக்கி, கத்தரி, பஞ்சு, ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட். அறுவை சிகிச்சைக்கு வந்தவள் போல நின்றேன்.

இங்கே ஒரு வழக்கம். கிடாவின் சம்மதம் இல்லாமல் வெட்டக் கூடாது. தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பை ஒருமுறை உதற வேண்டும். உதறினால் உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். அதுவரை கத்தியைத் தூக்க முடியாது.

பூசாரி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். கிடா நின்றது. இரண்டாவது குடம். கிடா மாலையில் ஒரு பூவைத் தின்றது. மூன்றாவது குடம். காதில் நீர் சொட்டச் சொட்ட, கிடா எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது.

"யாரோ கொற வெச்சிக்கீறீங்க" என்றார் பூசாரி. "மனசுல இருக்கறத சொல்லிடுங்க. சொன்னாத்தான் உத்தரவு வரும்."

முதலில் பொன்னம்மாவின் நாத்தனார் முன்னால் வந்தார். "அண்ணி, ரோசாக் கலரு பொடவைய காணோம்னு தேடினியே. எங்கிட்டதான் இருக்குது." பொன்னம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்போரம் வைத்தார். கிடா அசையவில்லை. அடுத்து சின்னசாமியின் தம்பி. "நெலத்து வரப்ப ஒரு சாண் நான்தான் தள்ளி வெச்சேன்."

"ஒரு சாணா? மொழம்டா!" என்று பாய்ந்தார் சின்னசாமி.

பூசாரி நடுவில் புகுந்தார். "அத அப்பறம் பேசுங்க. இப்ப ஆட்டுக்குத் தெரிஞ்சா போதும்."

நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது. மசாலா காய்ந்தது. என் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அறிவியல் படித்தவள். ஆடு உதறுவது தோலின் அனிச்சைச் செயல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்பது பேர் பார்க்கும்போது அதெல்லாம் வாயில் வரவில்லை. கிடாவின் முன்னால் போய் நின்றேன். "உங்க அம்மாவ நான் பார்த்ததே இல்ல. பார்த்தேன்னு ஒரு மேடையில சொல்லிட்டேன்" என்றேன். "எல்லாரும் கை தட்டினாங்க."

"எந்த ஊர்ல சொன்ன?" என்று கேட்டார் பூசாரி.

"லிஸ்பன்."

"எங்க, சேலம் தாண்டியா?"

"தாண்டி."

அவர் தலையாட்டினார். அவ்வளவு தூரத்துப் பொய் இங்கே எடுபடுமா என்று அவருக்குச் சந்தேகம். அவர் நினைத்தது சரி. கிடா அசையவில்லை.

"சரி, நீங்க சும்மா நிக்காதீங்க. காது அழுக்கத் தொடச்சிக்கினாவது இருங்க" என்றார் பொன்னம்மா. மஞ்சள் தண்ணீர் செல்லைக் கெடுக்கும் என்று முந்தின நாள் அவரிடம் புலம்பியிருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இடது காதின் நுனியைத் தொட்டேன்.

கிடா உதறியது. சாதாரண உதறல் இல்லை. மூக்கிலிருந்து வால் வரை ஒரே உலுக்கல். மஞ்சள் தண்ணீர் என் முகத்தில், கண்ணாடியில், பூசாரியின் திருநீற்றில். மாலை அறுந்து விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை எகிறியது. கத்தி வைத்திருந்தவர் கையை ஓங்கினார்.

"நிறுத்து!" என்று கத்தினார் பூசாரி. பம்பை நின்றது. "சாமி தண்ணிக்கு அது உத்தரவு குடுக்கல. இந்தப் பொண்ணு தொட்டதுக்குத்தான் குடுத்துச்சு. இனிமே கெடா இவளுக்குத்தான்."

நான் பஞ்சைத் தூக்கிக் காட்டினேன். "இல்லைங்க, இது மருந்தால. ஸ்பிரிட் ஜில்லுன்னு இருக்கும். காதுல பட்டா எந்த ஆடும் உதறும்."

"தண்ணியும் ஜில்லுன்னுதாம்மா இருக்கும். மூணு கொடம் ஊத்தினமே."

மருந்தில்லாமல் வெறும் தண்ணீரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனையை அவர் முதலிலேயே செய்து முடித்துவிட்டார்.

சின்னசாமி முகம் வாடி நின்றார். வேண்டுதல் என்ன ஆவது என்பது அவர் கவலை. இன்றைக்குச் சேவல் போதும், அடுத்த ஆடிக்கு வேறு கிடா என்று பூசாரி தீர்ப்புச் சொன்னதும்தான் மூச்சு விட்டார். அரைத்த மசாலா சேவலுக்கும் கத்தரிக்காய்க்கும் போனது. ஆட்டுக்கறிக்காகத் திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா, சாப்பிட்டு முடிக்கும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அண்ணா, எனக்கு ஆடு வேணாம். காது நுனி மட்டும் குடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்று கெஞ்சினேன்.

"நான் எப்பிடிம்மா போட முடியும்? அது இனிமே உன்னுது. உன் ஆட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டா போலீசு கேஸாயிடும்." பிறகு நிபந்தனையையும் சொன்னார். "விக்கக் கூடாது. வெட்டக் கூடாது. மத்தபடி நீயாச்சு, அதுவாச்சு."

மூன்று மில்லிமீட்டர் கேட்டுப் போன நான், சாகடிக்க முடியாத ஒரு முழுக் கிடாவோடு மலை இறங்கினேன். பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்றார் நடத்துநர். மீனுக்கே யோசித்தவர். பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்றில் பின்னால் உட்கார்ந்து வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் பழங்கள் எங்கள் மேல் உருண்டன. கிடா என் மேல் சாய்ந்து நிம்மதியாக அசைபோட்டது.

திங்கட்கிழமை காலை மேடமை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டை நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்து. இரண்டு நாட்களில் இரண்டாவது ஒப்புதல் வாக்குமூலம், பழகிவிட்டது.

"அதை நான் லிஸ்பனிலேயே ஊகித்தேன்" என்றார் மேடம். "சரி, மகனாவது கிடைத்தானே. இப்போது உரிமையாளர் யார்?"

"நான்தான் மேடம்."

"முடியாது. ஆய்வு செய்பவரே உரிமையாளராக இருந்து தனக்குத் தானே சம்மதம் கொடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு யாருக்காவது கொடு. உண்மையாகவே கொடு. அவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் எழுதிப் படித்துக் காட்டு. கேட்டதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னசாமி பெயர் எழுதிய படிவம் செல்லாது."

அம்மா கிடாவுக்கு வேப்பிலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ம்மா, இந்த ஆடு இனிமே உன்னுது" என்றேன்.

"உன்கூட வரும்போதே அது எனக்குத்தான்னு தெரியும். நீயா மேய்க்கப் போற?"

நோட்டுத் தாளில் படிவத்தைப் புதிதாக எழுதினேன். தன்னிச்சையும் இசைவும் போயின. அம்மா பேசும் தமிழிலேயே எழுதிப் படித்தேன். முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள்.

"காதுல ஒரு நறுக்கு எடுத்துக்கினு போவ. அது தோலுன்றத மறக்கடிப்ப. மறந்தத உருண்ட புடிச்சு வெப்ப. அது நூலாட்டம் நீளுதா, எதுவரைக்கும் நீளுதுன்னு பாப்ப. நீண்டா, வயித்துல சொல்லிக்குடுக்க ஆளு இல்லாமயே அதுக்கே தெரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். குட்டி பொறக்காது. பாத்துட்டு சீவி எறிஞ்சிடுவ. சரியா?"

லிஸ்பனில் நான் இதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். "சரிம்மா. இன்னும் ஒரு வரி இருக்கு. உனக்கு விருப்பம் இல்லன்னா வேணாம்னு சொல்லலாம். ஏன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. வேணாம்னு சொன்னதால உனக்கு ஒரு கெடுதலும் வராது. சரின்னு சொன்ன பிறகுகூட எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கிக்கலாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு தபா படி."

படித்தேன்.

"காரணம் சொல்ல வேணாமா?"

"வேணாம்."

"சொல்லலன்னா யாரும் திட்ட மாட்டாங்களா? வேலைக்கு வராதன்னு சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அம்மா தாளை வாங்கி, தலைகீழாக இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். "அப்பிடின்னா வேணாம்."

"ம்மா!"

"வேணாம்னா வேணாம். காரணம் கேக்கக் கூடாது. நீதான படிச்ச?" என்றவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பெங்களூர் போகிறவள் நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நான் கிடாவின் எதிரில் உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் எனக்கு எலிகள் காத்திருந்தன. கிடாவின் காது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கத்தரி பெட்டியில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒரு நறுக்கு, இரண்டு நொடி. கையெழுத்தைக்கூட அம்மா மாதிரியே போட எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு முழுக்க நான் போட்டதுதான். பெட்டியைத் திறந்தேன். காலையில் வாங்கிப் போட்ட ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். மூடினேன். மேடமுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: "உரிமையாளர் மறுத்துவிட்டார்." "யார் உரிமையாளர்?" என்று பதில் வந்தது. "என் அம்மா" என்று எழுதினேன். பிறகு, "மதிக்க வேண்டும்" என்று ஒரு வரி.

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். முகத்தில் வெயிலும் ஒரு மினுமினுப்பும். கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் பின்னால் வந்தார்கள்.

"இவதான் கேட்டா" என்று அவர்களிடம் என்னைக் காட்டினாள். "பெங்களூர்லேர்ந்து காகிதம் எழுதிக்கினு வந்து கேட்டா. வேணாம்னுட்டேன். ஏன்னு கேக்க முடியாது, சட்டம் அப்பிடி."

"நெஜமாவா?" என்றாள் ஒருத்தி என்னைப் பார்த்து.

"நெஜந்தான் அக்கா" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாப்பத்தேழு வயசுல யாருகிட்டயும் இப்பிடிச் சொன்னதில்லடி. சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. குடு, போடறேன்."

நூறு நாள் வேலைக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து. 'அஞ்சலை' என்று நான்கு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதினாள். கிடாவின் கழுத்தை அவளே பிடித்துக்கொண்டாள். நான் நுனியை நறுக்கிக் குழாயில் போட்டேன். கிடா ஒரே ஒரு முறை கத்தியது. "மெதுவாடி, பாவி" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்று மாதங்கள் ஆகின்றன. செல்கள் பிழைத்துவிட்டன. தோல் என்பதை மறந்துவிட்டன. சென்ற வாரம் முதல் உருண்டைகள் வந்தன. அதில் ஒன்று லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. நீள்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. படிவத்தின் நகலை அம்மா கள்ளக்குறிச்சியில் லேமினேஷன் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. "நீண்டுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"வாபஸ் வாங்கிக்கட்டுமா?"

"வேணாம்மா" என்கிறேன். பிறகு ஏன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தது அவளுக்குத்தானே, எனக்கில்லை.